ஐ.நா. சபைக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்?

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் பன்னாட்டு அமைப்புகளை நடத்தும்போது பல ஆண்டுகளாக நான் ஒரே முறையைத்தான் பின்பற்றி வந்தேன். கரும்பலகையில் அட்டவணை போடுவேன். அமைப்பின் பெயர், தொடங்கிய ஆண்டு, தலைமையகம், உறுப்பு நாடுகள் என நான்கு கட்டங்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் கேட்டால் ஒப்பிப்பார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும்.

ஒருநாள் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், எம்.எல்.ஏ.வுக்கு எங்க வீட்ல ஓட்டுப் போடுறாங்க. பஞ்சாயத்துத் தலைவருக்கும் போடுறாங்க. ஐ.நா. சபைக்கு யாரு ஓட்டுப் போட்டா?"

"நாடுகள் சேர்ந்து உருவாக்கினதும்மா. ஒவ்வொரு நாட்டு அரசாங்கமும் பிரதிநிதியை அனுப்பும்" என்றேன்.

"அப்போ அவங்க சொன்னா எல்லா நாடும் ஏன் டீச்சர் கேக்கணும்?"

மணி அடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மணி அடித்ததில் எனக்கு நிம்மதி. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் படித்தபோது கிடைத்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். பதில் எனக்குக் கிடைத்த இடம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் பாடநூல் அட்டவணைகளில் அதிகம் தலைகாட்டாத பகுதி அது. ஆனால் அண்டை நாடுகள் கூடி ஓர் அமைப்பை உருவாக்கினால் அதற்கு அதிகாரம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

சட்டம் தரும் அதிகாரமும் மனம் தரும் ஏற்பும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தலைமையாசிரியர் ஒரு மாணவனை வகுப்புத் தலைவனாக நியமிக்கிறார். அவனுக்கு அதிகாரம் இருக்கிறது; பேசுபவர்களின் பெயரைப் பலகையில் எழுதலாம். ஆனால் தன் நண்பர்கள் பேசினால் எழுதாமலும் மற்றவர்கள் பேசினால் எழுதியும் வந்தால் ஒரு வாரத்தில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். நியமனம் அப்படியே இருக்கும். அவன் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்.

நியமனம் தருவது சட்டபூர்வமான அதிகாரம். "இவன் சொன்னால் கேட்பது நியாயம்" என்று வகுப்பு நினைப்பது ஏற்புடைமை. அரசியல் அறிவியலில் இந்த இரண்டாவதைத்தான் நுட்பமாக ஆராய்கிறார்கள். ஒரு நாட்டு அரசுக்காவது காவல்துறை இருக்கிறது, வரி வாங்கும் துறை இருக்கிறது. நாடுகளுக்கு மேலே உள்ள அமைப்புக்குச் சொந்தமாக இவை எதுவும் இல்லை. ஆகவே, அது உயிரோடு இருப்பதே பெரும்பாலும் ஏற்புடைமையால்தான்.

அந்த ஏற்பு மூன்று வழிகளில் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது, விதியை வகுப்பதில் எனக்கும் பங்கு இருந்ததா? இரண்டாவது, விதி எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறதா? மூன்றாவது, அந்த அமைப்பால் என் வாழ்க்கைக்குப் பயன் உண்டா? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போவோம்.

லாகோஸில் தொடங்கிய கதை

1975 மே 28 அன்று நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 15 நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் பிறந்தது. சுருக்கமாக அதை எகோவாஸ் என்கிறார்கள். நைஜீரியாவின் தலைவர் யாகூபு கோவோனும் டோகோவின் தலைவர் எயாடெமாவும் இதற்கு முன்னின்று உழைத்தவர்கள். ஆங்கிலேயர் ஆண்ட நாடுகள், பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாடுகள், போர்ச்சுகீசியர் ஆண்ட நாடுகள் என்று மொழியாலும் நிர்வாகத்தாலும் பிரிந்து கிடந்த பகுதியை வணிகத்தால் இணைக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த இருவருமே இராணுவ ஆட்சியாளர்கள். கையெழுத்திட்ட இரண்டே மாதங்களில் கோவோன் வேறொரு இராணுவப் புரட்சியில் பதவி இழந்தார். எயாடெமா 1967 முதல் 2005-இல் இறக்கும்வரை ஆட்சியில் இருந்தார். அவருக்குப் பின் அவருடைய மகன் வந்தார். அதாவது, இந்த அமைப்பைத் தொடங்க மக்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. என் மாணவியின் கேள்வியை அங்கே கேட்டிருந்தால் பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது. நம் முதல் கேள்வியில் எகோவாஸ் பெற்ற மதிப்பெண் குறைவுதான்.

ஆனால் மூன்றாவது கேள்வியில், அதாவது பயனில், அது மெல்ல மெல்ல மதிப்பெண் சேர்த்தது. 1979-இல் போட்ட ஓர் உடன்பாட்டின்படி உறுப்பு நாட்டுக் குடிமக்கள் விசா இல்லாமல் இன்னோர் உறுப்பு நாட்டில் 90 நாள்வரை தங்கலாம். நைஜருக்கும் நைஜீரியாவுக்கும் இடையிலுள்ள எல்லை 1,500 கிலோமீட்டருக்கும் அதிகம். இரண்டு பக்கமும் ஹௌசா மொழி பேசுவோர் வாழ்கிறார்கள். சந்தை ஒரு பக்கம், சொந்தக்காரர்கள் மறுபக்கம். அவர்களுக்கு எகோவாஸ் என்றால் தலைநகரக் கட்டடம் இல்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்ட முடிகிற வசதி. அமைப்பின் செலவுக்கும் ஒரு வழி வைத்தார்கள்: வெளியிலிருந்து வரும் இறக்குமதிப் பொருள்கள்மீது 0.5 விழுக்காடு சமூகத் தீர்வை.

ஒரு பெண்ணும் ஒரு நீதிமன்றமும்

எகோவாஸுக்கு ஒரு நீதிமன்றம் உண்டு. தொடக்கத்தில் அது அரசுகளின் வழக்குகளுக்கு மட்டும் திறந்திருந்தது. 2005-இல் ஒரு மாற்றம் செய்தார்கள். மனித உரிமை மீறப்பட்டால் தனிமனிதரும் நேராக அங்கே போகலாம். உள்நாட்டு நீதிமன்றங்கள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட்டுத்தான் வரவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. உலகில் வேறு பல பன்னாட்டு நீதிமன்றங்களில் இல்லாத வசதி இது.

அந்தக் கதவைத் தட்டியவர்களில் ஒருவர் நைஜர் நாட்டின் ஹதிஜாடு மானி. அவரை 12 வயதில் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். விலை 2,40,000 சி.எஃப்.ஏ. பிராங்க். 'ஐந்தாவது மனைவி' என்ற பெயரில் அடிமையாக வைத்திருக்கும் வழக்கம் அங்கே இருந்தது. வீட்டு வேலை, வயல் வேலை, அடி, வன்கொடுமை என்று ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2003-இல் நைஜர் அரசு அடிமைமுறையைக் குற்றமாக்கியது. 2005-இல் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த அதே மனிதர், "நீ என் மனைவி, போகக்கூடாது" என்றார். அவர் வெளியேறி, வேறொருவரைத் திருமணம் செய்துகொண்டார். உடனே இருமணம் புரிந்ததாக வழக்கு. உள்நாட்டு நீதிமன்றம் ஹதிஜாடுக்கே 6 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

சட்டம் ஏட்டில் இருந்தது; காக்கவேண்டிய நீதிமன்றமோ அவரைச் சிறைக்கு அனுப்பியது. 2008 ஏப்ரலில் எகோவாஸ் நீதிமன்றம் நைஜரின் தலைநகர் நியாமிக்கே வந்து வழக்கை விசாரித்தது. அக்டோபர் 27 அன்று தீர்ப்பு வந்தது. அடிமைத்தனத்திலிருந்து அவரைக் காக்க நைஜர் அரசு தவறிவிட்டது. அவருக்கு 1 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் இழப்பீடு தரவேண்டும். நைஜர் அரசு தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.

ஒரு நாட்டு அரசு, தன் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த நீதிபதிகள் சொன்னதை ஏன் ஏற்கவேண்டும்? எந்தப் படையும் வரவில்லை. தானே கையெழுத்திட்ட ஒப்பந்தம், விசாரணை நடந்த முறை, தீர்ப்பில் இருந்த நியாயம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் அழுத்தத்தை உண்டாக்கின. ஏற்புடைமை என்பது இப்படித்தான் வேலை செய்கிறது.

கோலிக்குண்டு வாக்கும் 2017 ஜனவரியும்

அடுத்த காட்சி காம்பியா. மூன்று பக்கமும் செனகலால் சூழப்பட்ட, சுமார் 20 இலட்சம் மக்கள் வாழும் சிறிய நாடு. அங்கே வாக்களிக்கும் முறையே பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் உருளை வைத்திருப்பார்கள். வாக்காளர் ஒரு கோலிக்குண்டை விரும்பிய உருளைக்குள் போடவேண்டும். உள்ளே இருக்கும் மணி ஒருமுறை ஒலிக்கும். இருமுறை ஒலித்தால் கள்ள ஓட்டு என்று வெளியே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். எழுத்தறியாதவரும் பிறர் உதவியின்றி வாக்களிக்க வகுத்த முறை அது.

2016 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்தலில் அந்தக் கோலிக்குண்டுகள் யாஹ்யா ஜாமேயைத் தோற்கடித்தன. 1994-இல் இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்து 22 ஆண்டுகள் ஆண்டவர். முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டார். டிசம்பர் 9 அன்று மனம் மாறி, முடிவை ஏற்கமாட்டேன் என்றார்.

எகோவாஸ் தலைவர்கள் நேரில் போனார்கள். அந்தக் குழுவில் லைபீரிய அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப், நைஜீரிய அதிபர் புகாரி ஆகியோருடன் கானாவின் ஜான் மகாமாவும் இருந்தார். அந்த மகாமா, சில நாள்களுக்கு முன்புதான் தன் நாட்டுத் தேர்தலில் தோற்று, தோல்வியை ஏற்றுக்கொண்டிருந்தார். தோற்றவர் ஒருவர் தோற்ற இன்னொருவரிடம் போய், "நான் இறங்கிவிட்டேன், நீங்களும் இறங்குங்கள்" என்று சொல்லத் தகுதி பெற்றிருந்தார். அறிவுரைக்கு வலிமை தருவது இந்தத் தகுதிதான்.

ஜாமே இறங்கவில்லை. சுமார் 45,000 பேர் அஞ்சி செனகலுக்குத் தப்பிச் சென்றார்கள். 2017 ஜனவரி 19 அன்று, வெற்றி பெற்ற அடாமா பாரோ செனகல் தலைநகர் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். அன்றே ஐ.நா. பாதுகாப்பு அவை 2337-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றி, முதலில் அரசியல் வழிகளால் மக்கள் தீர்ப்பைக் காக்க எகோவாஸ் எடுக்கும் முயற்சியை ஆதரித்தது. எகோவாஸ் படைகள் எல்லையைக் கடந்தன. காம்பிய இராணுவம் எதிர்த்து நிற்கவில்லை. கடைசிநேரப் பேச்சு நடத்தியவர்களில் கினியின் அதிபர் ஆல்ஃபா கோண்டேயும் ஒருவர். ஜனவரி 21 அன்று ஜாமே நாட்டை விட்டுப் போனார். பெரிய போர் எதுவும் இல்லாமல் மக்களின் வாக்குக் காப்பாற்றப்பட்டது.

இங்கே மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தது. காம்பிய மக்களே பேசியிருந்தார்கள். எகோவாஸ் அவர்கள் குரலுக்குப் பின்னால் நின்றது. 2001-இல் உறுப்பு நாடுகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட மக்களாட்சி உடன்பாடு கையில் இருந்தது. ஐ.நா.வும் உடன் நின்றது.

மண்குடமும் பொன்குடமும்

இங்கேயே கதையை முடித்தால் அது நல்ல பாடநூல் பத்தியாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது வேறு.

2015-இல் ஒரு யோசனை வந்தது. உறுப்பு நாடுகளில் எந்த அதிபரும் இரண்டு முறைக்குமேல் பதவி வகிக்கக்கூடாது என்று விதி செய்யலாமா? காம்பியாவும் டோகோவும் எதிர்த்தன. யோசனை கைவிடப்பட்டது.

2020-இல் கினியின் ஆல்ஃபா கோண்டே புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்து மூன்றாம் முறை போட்டியிட்டு வென்றார். காம்பியாவில் ஜாமேயை இறங்கச் சொன்ன அதே கோண்டேதான். எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் ஐவரி கோஸ்டின் அதிபர் அலசான் வட்டாராவும், புதிய அரசியலமைப்பு வந்ததால் தன் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்று வாதிட்டு, மூன்றாம் முறை வென்றார். இரண்டிலும் எகோவாஸ் தடுக்க முன்வரவில்லை.

பிறகு இராணுவப் புரட்சிகள் வரிசையாக வந்தன. மாலியில் 2020 ஆகஸ்டிலும் 2021 மே மாதத்திலும். கினியில் 2021 செப்டம்பரில் கோண்டே வீழ்ந்தார். புர்கினா பாசோவில் 2022-இல் இரண்டு முறை. இப்போது எகோவாஸ் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது, பொருளாதாரத் தடை விதித்தது. 2022 ஜனவரியில் மாலிமீது விதித்த தடை கடுமையானது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அதிபர் ஒருவர் அரசியலமைப்பை உடைத்தால் அது மண்குடம். சிப்பாய் உடைத்தால் பொன்குடம். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. துப்பாக்கியால் ஆட்சியைப் பிடிப்பதற்கு நியாயம் கிடையாது. ஆனால் ஒன்றைப் பார்த்தும் பாராமல் இருந்துவிட்டு இன்னொன்றுக்கு மட்டும் பிரம்பை எடுத்தால், பிரம்பின்மீது இருந்த மரியாதை போய்விடுகிறது. எகோவாஸ் என்பது அதிபர்கள் ஒருவரையொருவர் காத்துக்கொள்ளும் சங்கம் என்ற பேச்சு மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் எழுந்தது இதனால்தான். நம் இரண்டாவது கேள்வியில் அது தோற்றது.

நைஜர், 2023

2023 ஜூலை 26 அன்று நைஜர் அதிபர் முகமது பசூமை அவருடைய காவற்படையே சிறைபிடித்தது. ஜூலை 30 அன்று எகோவாஸ் தலைவர்கள் அபுஜாவில் கூடி ஒரு வாரக் கெடு விதித்தார்கள். அதற்குள் பசூமிடம் ஆட்சியைத் திருப்பித் தராவிட்டால் படைபலத்தையும் பயன்படுத்த நேரிடும் என்றார்கள். எல்லைகள் மூடப்பட்டன. பண பரிமாற்றம் நிறுத்தப்பட்டது. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. நைஜரின் மின்தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நைஜீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இருட்டில் இருந்தது புரட்சி செய்த தளபதி வீடு மட்டுமா? உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று நைஜர். கடற்கரை கிடையாது. பெனின் எல்லையில் லாரிகள் நீண்ட வரிசையில் நின்றன. உணவு விலை ஏறியது. மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. எந்த மக்களுக்காக மக்களாட்சியைக் காக்கப்போவதாகச் சொன்னார்களோ, அந்த மக்களே தண்டனையைச் சுமந்தார்கள். நியாமியில் பெருங்கூட்டம் திரண்டு இராணுவத்துக்கு ஆதரவாக முழங்கியது. பிரான்சின் பேச்சைக் கேட்டுத்தான் எகோவாஸ் ஆடுகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நைஜர்மீது படையெடுத்தால் அது எங்கள்மீது தொடுத்த போர் என்று மாலியும் புர்கினா பாசோவும் அறிவித்தன. நைஜீரியாவின் செனட் அவையே படை அனுப்பத் தயங்கியது. படைக்கு ஆள் தருவதாக முன்வந்தவர்களில் ஒருவர் வட்டாரா. மூன்றாம் முறைக்காரர்!

கெடு முடிந்தது. படை போகவில்லை. 2024 பிப்ரவரியில் மனிதாபிமான அடிப்படையில் பெரும்பாலான தடைகள் நீக்கப்பட்டன. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2023 செப்டம்பரில் சஹேல் நாடுகளின் கூட்டணியை அமைத்திருந்தன. 2024 ஜனவரி 28 அன்று எகோவாஸிலிருந்து விலகுவதாக அறிவித்தன. ஓராண்டு கழித்து 2025 ஜனவரி 29 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. 7 கோடிக்கும் அதிகமான மக்கள் ஒரே நாளில் அந்தச் சமூகத்துக்கு வெளியே போனார்கள்.

காம்பியாவில் வென்ற அதே அமைப்பு நைஜரில் ஏன் தோற்றது? சட்டம் அப்படியே இருந்தது. 2001 உடன்பாட்டில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது ஏற்பு. ஆறு ஆண்டுகளில் அது கரைந்திருந்தது.

இழந்தவர் யார்?

"அப்படியென்றால் விலகியது சரிதானே?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்கக்கூடும். இங்கேதான் ஆசிரியர் அவசரப்படாமல் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

விலகலாமா என்று அந்த மூன்று நாட்டு மக்களிடமும் பொதுவாக்கெடுப்பு நடத்தவில்லை. சேர்ந்தபோதும் இராணுவத் தலைவர்கள் முடிவெடுத்தார்கள், விலகும்போதும் அப்படியே. ஆட்சியைப் பிடித்தவர்கள் சொன்ன காலத்தில் தேர்தலும் வரவில்லை. மாலியில் 2024 பிப்ரவரியில் நடக்கவிருந்த தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. நைஜரில் தளபதி சியானி 2025 மார்ச்சில் ஐந்தாண்டுக் காலத்துக்கு அதிபராகப் பதவியேற்றுக்கொண்டார்.

இனி ஹதிஜாடு மானியை நினைத்துப் பாருங்கள். நாளை அவரைப்போல் ஒரு பெண்ணை நைஜரின் உள்ளூர் நீதிமன்றம் கைவிட்டால், அவள் எங்கே போவாள்? உறுப்பு நாடாக இல்லாத ஒரு நாட்டின்மீது எகோவாஸ் நீதிமன்றம் எந்த உரிமையில் தீர்ப்புச் சொல்லும்? ஓர் அமைப்பின் தலைவர்கள் செய்த தவறுக்கு, அந்த அமைப்பு கட்டிவைத்த கதவை எளியவர்கள் இழக்கிறார்கள். பன்னாட்டு அமைப்புகளின் ஏற்புடைமை என்ற கனமான சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான இழப்பு இதுதான்.

விசா இல்லாப் பயணத்தை இரு தரப்பும் அப்போதைக்குத் தொடர விட்டிருக்கின்றன. ஆட்டை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டுபவர்களைத் தடுத்தால் இரண்டு பக்கமும் வீடு எரியும் என்று இரு தரப்புக்கும் தெரியும். பயன் என்ற வேர் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

இதே அளவுகோலால் மற்ற அமைப்புகள்

இப்போது ஐ.நா. சபையை அளந்து பார்க்கலாம். அதன் சாசனம் மக்களின் பெயரால் தொடங்குகிறது. ஆனால் கையெழுத்திட்டவை அரசுகள். 1945-இல் தொடக்க உறுப்பினர்கள் 51 நாடுகள். அவற்றில் ஆப்பிரிக்க நாடுகள் எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலானவை அன்று ஐரோப்பியரின் ஆட்சியில் இருந்தன. இன்று 193 உறுப்பினர்களில் 54 நாடுகள் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் பெற்ற ஐந்து நாடுகளில் ஒன்றுகூட ஆப்பிரிக்க நாடு இல்லை. தற்காலிக இடங்கள் 1965-இல் 6-லிருந்து 10 ஆயின. அதற்குப்பின் அவையின் அமைப்பு மாறவில்லை. இரண்டு நிரந்தர இடங்கள் வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் 2005-இல் ஒருமித்த கோரிக்கை வைத்தன. நிரந்தர இடம் கேட்கும் நாடுகளில் இந்தியாவும் உண்டு என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. முதல் இரண்டு கேள்விகளிலும் பாதுகாப்பு அவை தடுமாறுகிறது.

பயன் என்று வரும்போது ஐ.நா.வின் உறுப்பமைப்புகளை மறக்க முடியாது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பகைத்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டும் சேர்ந்து உழைத்த வேலை அது. ஓர் அமைப்பையே 'நல்லது', 'கெட்டது' என்று முத்திரை குத்தாமல், அதன் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே அளக்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

சார்க் இன்னொரு வகை. சாசனத்தின்படி எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்கப்படவேண்டும். இரு நாடுகளுக்கிடையிலான பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேசக்கூடாது. யார்மீதும் எதையும் திணிக்காததால் ஏற்புடைமைச் சண்டை எழவில்லை. ஆனால் உறவு கெட்டபோது அமைப்பும் உறைந்துபோனது. உச்சி மாநாடு கடைசியாக நடந்தது 2014-இல், காத்மண்டுவில். எகோவாஸ் அதிகாரத்தைக் கையில் எடுத்து அதன் விலையைக் கொடுத்தது. சார்க் அதிகாரத்தை எடுக்காமலே அதன் விலையைக் கொடுக்கிறது. இந்த ஒப்பீட்டை ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

வகுப்பறையில் செய்து பார்த்தது

இப்போதும் நான் அட்டவணை போடுகிறேன். தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் நான்கு கட்டங்களோடு மூன்று கட்டங்களைச் சேர்த்துவிட்டேன். விதி செய்தது யார்? எல்லோருக்கும் ஒன்றா? யாருக்கு என்ன பயன்? பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அமைப்பைக் கொடுக்கிறேன். மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போது அரசுகளை எழுதாமல் மனிதர்களை எழுதச் சொல்கிறேன்: எல்லையில் ஆடு மேய்ப்பவர், நோயாளி, அகதி, லாரி ஓட்டுநர்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். வகுப்பு விதிகளைப் பிள்ளைகளையே வகுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, அந்த விதி ஆசிரியருக்கும் பொருந்துமா என்று கேட்க விடுங்கள். காலணியை வெளியே விடவேண்டும் என்பது விதியானால் நாமும் விடவேண்டும். நாம் விட்டால் விதிக்கு உயிர் வரும். கோலிக்குண்டும் இரண்டு டப்பாக்களும் இருந்தால் வகுப்புத் தலைவர் தேர்தலைக் காம்பியா முறையில் நடத்திவிடலாம். சத்தத்தை எண்ணிக்கொண்டு வெளியே உட்காரும் 'தேர்தல் அதிகாரி' வேலைக்குத்தான் போட்டி அதிகம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரட்டை நிலைகளைப் பற்றிப் பேசப் பேச, "எல்லாம் ஏமாற்று வேலைதான் போல" என்ற முடிவுக்குப் பதின்வயதினர் எளிதில் வந்துவிடுகிறார்கள். அப்போது நான் ஹதிஜாடு மானியின் தீர்ப்பைச் சொல்கிறேன். குறையுள்ள அமைப்பு, இராணுவ ஆட்சியாளர்கள் தொடங்கிவைத்த அமைப்பு, ஒரு பெண்ணுக்கு அவளுடைய நாடே தராத நீதியைத் தந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகிறது.

அந்த மாணவிக்கு மறுவாரம் என் பதிலைச் சொன்னேன். "ஐ.நா.வுக்கு நாம யாரும் நேரா ஓட்டுப் போடலம்மா. நாம ஓட்டுப் போட்டு அனுப்புற அரசாங்கம்தான் அங்க பேசுது. அதனால அது என்ன பேசுதுன்னு கவனிக்கிறதும், தப்புன்னா கேக்கிறதும் நம்ம வேலை. அவங்க சொன்னா ஏன் கேக்கணும்னு கேட்டல்ல? நியாயமா நடந்தா கேப்பாங்க. நடக்கலைன்னா கொஞ்ச நாள்ல யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வகுப்புத் தலைவர் மாதிரிதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.